கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு வருகிறேன்

மகனே, இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததும் நீ "அம்மா, சத்தம் விட்டு விட்டுக் கேக்குது" என்கிறாய். உனக்குப் பிடிக்காத விசயம் வரும்போது மட்டும் உன் பனி ஊர் ஸ்காபரோவில் சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. அபிராமியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசி. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் சிரிக்க வேண்டும், இதில் சிரிக்கவும் கொஞ்சம் இருக்கிறது.

நீ இரண்டு காரியம் செய்திருக்கிறாய். எனக்கு ஒருவழி விமான ரிக்கற் எடுத்திருக்கிறாய். உன் வான் வண்டியை விற்க இரத்மலானையில் ஒரு வாகன வியாபாரியிடம் பேசி, அவரை இங்கே வெள்ளவத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். இரண்டையும் என்னிடம் கேட்கவில்லை. உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால், "இவன் உன்னைப் போலத்தான், செய்துபோட்டுத்தான் சொல்லுவான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். அவர் இல்லாத வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்பது உனக்குப் பெரிய கவலை என்று தெரியும். பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது, அம்மா இனி எங்களோடேயே இருக்கட்டும் என்று நீ நினைத்ததில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் என் பதிலைக் கேட்டுவிட்டு நினைத்திருக்கலாம். அந்தப் பதில் வானுக்குள் இருக்கிறது. ஆகவே முதலில் வானைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

நீ அதை வாங்கிக்கொண்டு வந்தபோது அது பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றித் திரிந்த பழைய டொல்பின் வான். சீற்றுக்குக் கீழே ரொபி மிட்டாய்த் தாள்கள் ஒட்டிக்கிடந்தன. நாடே பெற்றோல் வரிசையில் நின்ற காலம் அது. உனக்கு வேலை இல்லை, வாகனத்துக்கு எண்ணெய் இல்லை, எங்கேயும் போக முடியாத அந்த நேரம் பார்த்து நீ ஊர் சுற்றுகிற வான் செய்யத் தொடங்கினாய். எனக்கு விசர் பிடிக்காத குறை. கட்டில் போட்டாய், கழுவும் தொட்டி வைத்தாய், சின்னக் குளிர்ப்பெட்டி வைத்தாய், கூரையில் சூரியத் தகடு பூட்டினாய், கட்டிலுக்குக் கீழே அந்த நீலப் பெட்டியை வைத்து, "வீட்டுப் பற்றரி அம்மா, லிதியம்" என்றாய். மின்வெட்டு நாட்களில் எங்கள் மாடிச் சனம் முழுவதும் அதில்தான் போன் சார்ஜ் செய்தது. கலியாணம் முடிந்த கையோடு நீங்கள் இருவரும் திருகோணமலைக்கு ஒரு பயணம் போய் வந்தீர்கள். அவ்வளவுதான். அடுத்த பயணம் விமானத்தில்.

விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, சாவியைக் கையில் வைத்து ஒன்று சொன்னாய். "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஒரு அஞ்சு நிமிசம் விடுங்கோ அம்மா, காணும்." கொழும்பில் இருந்து வெளிநாடு போகிற பிள்ளைகள் எல்லாரும் வாகனச் சாவியோடு இந்த வசனத்தையும் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் மட்டும் இப்படி எத்தனை வாகனம் தூசி படிந்து நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயோ தகப்பனோ மாமாவோ வந்து, சாவியைத் திருப்பி, உறுமவிட்டு, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு படியேறிப் போகிறார்கள்.

நான் அதில் ஒரு படி மேலே போனேன். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் வந்து, வானுக்குத் திருநீறு பூசி, முன்னால் கற்பூரம் காட்டி, டயரடியில் ஒரு தேசிக்காய் வைத்து, பிறகுதான் சாவியைத் திருப்புவேன். இருட்டான கீழ்த்தளம் என்பதால் முன்விளக்கைப் போடுவேன். வேர்க்கும் என்பதால் காற்றாடி. வெள்ளிக்கிழமை என்பதால் பக்திப்பாட்டு. நீ ஆசைப்பட்டுப் பூட்டிய பெரிய ஸ்பீக்கரில் அது கணீரென்று கேட்கும். பாட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மேலே போய் உனக்குச் செய்தி போடுவேன், "வான் நன்றாக இருக்கிறது" என்று. நீ கட்டைவிரல் அனுப்புவாய். தாயும் மகனும் சேர்ந்து கிழமைக்கிழமை வானின் எஞ்சின் பற்றரியைக் கொன்றுகொண்டிருந்தோம். கற்பூரம் காட்டிக் கொன்றோம்.

அது செத்தது தெரிந்தது சகுந்தலாவால். உனக்கு அவளைத் தெரியும், என்னோடு படிப்பித்த கணக்கு ரீச்சர், உன்னை இன்றைக்கும் பின்வரிசை மாணவன் என்றுதான் சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு அவளும் தனி. ஒருநாள் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, கீழே அவ்வளவு பெரிய வீட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் மேலே அடைந்து கிடக்கிறோம் என்று கேட்டாள். அதுவரை அந்த வானை நான் உன் பொருளாக மட்டுமே பார்த்திருந்தேன். சரி, நீர்கொழும்புக்குப் போய்க் கடற்கரையில் கதவைத் திறந்து வைத்துத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவோம் என்று முடிவு செய்தோம். இடியப்பம், சம்பல், அவித்த முட்டை எல்லாம் கட்டினேன். சகுந்தலா தொப்பி போட்டுக்கொண்டு முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன். "டிக்" என்றது. திரும்பவும் திருப்பினேன். அதே "டிக்". பின்னால் போய் உன் நீலப் பெட்டியின் திரையைப் பார்த்தேன், அது முழுக்க இருண்டு கிடந்தது.

இடியப்பத்தை அந்தக் கீழ்த்தளத்திலேயே, வானுக்குள் இருந்து சாப்பிட்டோம். முட்டையின் கோதை உரித்துக்கொண்டே சகுந்தலா கேட்டாள், "நீர்தானே உயர்தர வகுப்புக்குச் சேமிப்புக்கலம் படிப்பிச்சனீர்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இரசாயனம் படிப்பித்தே கண்ணாடி போட்டவள் நான். ஈயத் தட்டு, அமிலம், மின் இறங்கும்போது தட்டில் படிகிற ஈய சல்பேற்று, எல்லாவற்றையும் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். நிரப்பாமல் விட்டால் அந்தப் படிவு இறுகிக் கல்லாகும், பிறகு எவ்வளவு மின் ஏற்றினாலும் கரையாது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் வாழ்க்கையில் ஒரு பற்றரியின் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. எஞ்சினைத் திருப்பிவிட அந்தப் பற்றரி ஒரே இழுவையில் எவ்வளவு கொடுக்கிறது. அதை ஐந்து நிமிட உறுமலில், அதுவும் விளக்கும் காற்றாடியும் பாட்டும் தின்றுகொண்டிருக்கும்போது, எப்படித் திருப்பி நிரப்ப முடியும்? ஒவ்வொரு வெள்ளியும் கொஞ்சம் குறைந்து குறைந்து போயிருக்கிறது. நடுவில் நீ பூட்டிய, கள்ளன் தொட்டால் அலறும் மணியும் கடிகாரமும் இரவு பகலாக உறிஞ்சியிருக்கின்றன. நீலப் பெட்டியின் கதையும் அதுதான். குளிர்ப்பெட்டியின் சின்னப் பச்சை விளக்கை நீ அணைக்காமல் போய்விட்டாய். கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே என்று இருந்தாயாக்கும். கீழ்த்தளத்தில் சூரியன் எங்கே வருகிறது?

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நல்ல கோபம். அடுத்த நாளே மின் அளக்கிற மல்ரிமீற்றர் ஒன்று வாங்கினேன். அது இப்போது என் கைப்பையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பழைய எஞ்சின் பற்றரி திரும்பி வரவில்லை, புதியது போட்டேன். அதன் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்க்கவும், குறைந்தால் வடித்த தண்ணீர் மட்டும் விடவும் பழகினேன். உன் நீலப் பெட்டி சாகவில்லை, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே உறங்கியிருந்தது. அதற்குரிய சார்ஜரைப் போட்டதும் கண் விழித்தது. இரண்டுக்கும் இரண்டு குணம் என்று அப்போதுதான் பிடிபட்டது. எஞ்சின் பற்றரி எப்போதும் வயிறு நிறைய இருக்க வேண்டும், கொஞ்சம் பசித்தாலும் கெட்டுப்போகும். லிதியத்தை நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பாதிக்குக் கிட்ட வைத்து, எல்லா இணைப்பையும் துண்டித்து, சூடு படாமல் விட வேண்டும். முழுக்க நிரப்பி மாதக்கணக்கில் வைத்தால் அதற்கு வயது போகும். இது நான் படிப்பித்த புத்தகத்தில் இல்லாத பாடம், புதிதாகத்தான் படித்தேன்.

வெள்ளவத்தைக் காற்று வேறு. கடலில் இருந்து ரயில் பாதையைத் தாண்டி நேரே எங்கள் கீழ்த்தளத்துக்குள் வருகிறது. இரண்டு கிழமை பார்க்காமல் விட்டால் பற்றரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். அதற்கு என் சமையலறையிலேயே மருந்து இருந்தது. அப்பச்சோடாவைச் சுடுநீரில் கரைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக் கழன்றுவிடும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, கொஞ்சம் கிறீஸ் பூச வேண்டும். வயரைக் கழற்றும்போது கறுப்பு முதலில், பூட்டும்போது கறுப்பு கடைசியில். இதை நான் சகுந்தலாவுக்குப் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தேன். சோடா முடிந்துபோய் ஒரு நாள் அப்பம் சுடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு கொமிட்டியோடு சண்டை. பற்றரி நிறைந்ததும் தானே அடங்கிப் போகிற சார்ஜர் ஒன்று வாங்கி, எங்கள் சமையலறை ஜன்னலால் வயரைக் கீழே இறக்கினேன். அடுத்த நாளே தொடர்மாடிக் கொமிட்டித் தலைவர் வந்து, பார்க்க அசிங்கம், மழை பெய்தால் ஆபத்து, ஒரு பழைய வானுக்காக இவ்வளவும் தேவையா, மகன்தான் வரப்போவதில்லையே என்றார். முதல் இரண்டும் சரி. ஆபத்து என்பதை நானே யோசித்திருக்க வேண்டும். ஆனால் கடைசி வசனம் என்னைச் சுட்டது. கூட்டம் கூட்டச் சொன்னேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கீழ்த்தளத்து வாகனங்களின் தாய் தகப்பன்மார். வான் என் பொறுப்பில் இருக்கிறது, மின்சாரம் என் வீட்டு மீற்றரில் இருந்து வரும், வேலையை மின்கம்பி வேலை தெரிந்த ஆளை வைத்து ஒழுங்காகச் செய்கிறேன், மகன் வருவானா மாட்டானா என்பது இந்தக் கூட்டத்தின் விசயம் இல்லை என்று எழுந்து நின்று சொன்னேன். இப்போது வயரைச் சுவரோடு குழாய்க்குள் விட்டு, எங்கள் வான் நிற்கிற தூணில் ஒரு மின் சொக்கற் இருக்கிறது. தலைவரும் தன் மகளின் காருக்கு ஒன்று பூட்டிவிட்டார். அவருக்கு நான்தான் தண்ணீர் மட்டம் பார்க்கக் காட்டிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் நீர்கொழும்புக்குப் போனோம். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் பதறுவாய். முதலில் பழகிக்கொள்ள, நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனைக்கு ஓட்டிப் போனேன். அந்தச் சின்னத் தெருக்களில் அவ்வளவு பெரிய வானைத் திருப்பியவளுக்கு நீர்கொழும்புப் பாதை என்ன பாதை? பிறகு சிலாபம், பிறகு காலி. ஞாயிறு என்றால் சகுந்தலா தொப்பியோடு கீழே வந்து நிற்பாள். கிழமைக்கு ஒருதரம் எஞ்சினை எழுப்புவதென்றால் இப்படித்தான் எழுப்ப வேண்டும், நன்றாகச் சூடேறும்வரை ஓட வேண்டும். ஓடினால் பற்றரியும் நிறைகிறது, சூரியத் தகட்டுக்கும் வெயில் கிடைக்கிறது. எனக்கும் சந்தோசமாக இருக்கிறது. இப்போது நீ அபிராமியைப் பார்த்து, "பார், அம்மா பற்றரியைச் சொல்லித் தன்னைச் சொல்கிறா" என்பாய். இல்லை, ராசா. நான் பற்றரியைத்தான் சொல்கிறேன். என்னைச் சொல்வதென்றால் நேரே சொல்லுவேன், இன்னும் கொஞ்சத்தில் சொல்லத்தான் போகிறேன்.

உன் இரத்மலானைக்காரர் போன கிழமை வந்தார். மரியாதையான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வானுக்குள் ஏறினார். சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், பிறகு முகத்தைச் சுருக்கி, "டீச்சர், மகன் போய் இவ்வளவு காலம் நிண்ட வண்டி. பெட்டரி ரெண்டும் செத்திரிக்கும் தானே? அதப் பாத்துத்தான் வெல சொல்லணும்" என்றார். கைப்பையில் இருந்து மீற்றரை எடுத்து எஞ்சின் பற்றரியில் வைத்துக் காட்டினேன். நீலப் பெட்டியின் திரையைக் காட்டினேன். சாவியை அவரிடமே கொடுத்து, திருப்பச் சொன்னேன். ஒரே திருப்பலில் பிடித்தது. அவர் எஞ்சினின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு விலையை நன்றாகவே உயர்த்திச் சொன்னார்.

நல்ல விலை என்று எனக்கும் தெரிந்தது. அப்போதுதான், மகனே, எனக்கு ஒரு பயம் வந்தது. இவருக்கு நான் இப்போது ஓம் என்று சொல்லிவிட்டால் வான் போய்விடும். வான் போனால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பிறகு இந்த வீட்டையும் பூட்டி யாருக்காவது வாடகைக்குக் கொடுத்துவிட்டு நான் உன் ஒருவழி ரிக்கற்றோடு ஏறிவிடுவேன், அங்கே உன் வீட்டு வரவேற்பறையில் பனி எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவரிடம் சொன்னேன், "தம்பி, குறை நினைக்காதேங்கோ. வான் விக்கிறதுக்கு இல்லை. மகன் தெரியாமச் சொல்லிப்போட்டான்." அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டு, என் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது, பெட்டரியை எப்படி இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது என்னைப் பற்றி நேரே சொல்கிறேன். நான் வருகிறேன். பேரப்பிள்ளை பிறக்கும்போது அபிராமிக்குப் பக்கத்தில் நான் இருப்பேன், அதில் மாற்றம் இல்லை. அவளுக்குத் தாய் இல்லை, அந்த நேரத்தில் பிள்ளை பெற்ற உடம்பு தேற அவளுக்குச் சரக்குக்கறி வைத்துக் கொடுக்க நான் இருக்க வேண்டும். உன் பிள்ளையைக் கையில் வாங்கும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ பிறந்தபோது உன் அப்பா உன்னைத் தூக்கப் பயந்து ஒரு தலையணையோடு சேர்த்துத் தூக்கினார். நீயும் அப்படித்தான் செய்வாய், நான் பக்கத்தில் நின்று பழக்குவேன். உங்களில் எனக்கு இருக்கிற அன்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அன்பாக இருப்பதற்கு நான் உன் வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்று இல்லை. எனக்கு இங்கே ஒரு வீடு இருக்கிறது, கடல் இருக்கிறது, தொப்பி போட்ட ஒரு சிநேகிதி இருக்கிறாள், ஓடுகிற ஒரு வான் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு வர எனக்கு விருப்பம் இல்லை. வர முடியாமல் இல்லை, விருப்பம் இல்லை. நீ பெரியவன், இந்த வித்தியாசம் உனக்கு விளங்கும்.

ஆகவே ரிக்கற்றை மாற்று. போய்த் திரும்பும் ரிக்கற். அபிராமி எழும்பி நடமாடி, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்வரை இருப்பேன். அதற்கு மேல் எஞ்சின் பற்றரிக்குப் பொறுமை இல்லை. ஆள் இல்லாத நேரம் சார்ஜரைப் பூட்டி விடமாட்டேன், எங்கள் சூட்டில் அது சும்மா நின்றாலும் தன்பாட்டில் இறங்கிக்கொண்டு போகும், மூன்று மாதத்துக்குள் பார்க்க ஆள் வேண்டும். சகுந்தலா ரீச்சர் பார்க்கமாட்டாவா என்று நீ கேட்பாய். பார்ப்பாள். ஆனால் நான் அவளிடம் சாவி கொடுக்கப் போவதில்லை. அவளும் கேட்கவில்லை, "நீர் வந்து வயரைப் பூட்டும், நான் தொப்பியைக் கழுவி வைக்கிறன்" என்று மட்டும் சொன்னாள்.

வானை ஓய்வுக்கு விடும் வேலையை இன்று காலை தொடங்கினேன். குளிர்ப்பெட்டியைத் துடைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன், அந்தப் பச்சை விளக்கை அணைத்துவிட்டேன். நீலப் பெட்டியைப் பாதியில் நிறுத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டேன். எஞ்சின் பற்றரியை நிறைத்து, தண்ணீர் மட்டம் பார்த்து, முனைகளைச் சோடாவால் கழுவிக் கிறீஸ் பூசியாயிற்று. புறப்படும் நாள் காலையில் கடைசி வேலையாகக் கறுப்பு வயரைக் கழற்றி, முனை தொடாமல் துணி சுற்றி வைப்பேன். இந்த முறை கற்பூரம் காட்டமாட்டேன். தேசிக்காய் மட்டும் ஒன்று வைப்பேன், அது எனக்காக.

அந்த வயரைக் கழற்றப் பூட்டப் பத்தாம் நம்பர் ஸ்பனர் வேண்டும். உன் பெட்டியில் இருந்து எடுத்ததுதான், பிடியில் உன் பெயரின் முதல் எழுத்து கீறியிருக்கிறது. அதை என் பெரிய சூட்கேசில் அபிராமியின் சரக்குத்தூளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் சுற்றி வைத்துக்கொண்டு வருகிறேன். அங்கே நீதான் பெட்டியைத் திறப்பாய், அது உன் கையில் படும். பழைய பழக்கத்தில் உன் கருவிப் பெட்டிக்குள் போட்டுவிடாதே, மகனே. அது கொழும்புக்குத் திரும்பிப் போகிற ஸ்பனர்.

அம்மா